சர்வதேசக் கண்ணாடிக் கலை வட்டத்துக்குள் போக வழி எது?

பளிங்குத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஊதுகண்ணாடி வேலை செய்கிறேன். சொந்த உலை இல்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஊதுவேன், அனீலரிலிருந்து (கண்ணாடியை மெதுவாக ஆறவைக்கும் அடுப்பு) வெளியே வந்ததை என் சின்ன அறையில் வைத்துக் குளிர்வேலை (ஆறிய கண்ணாடியை அரைத்து, வெட்டி, மெருகேற்றுவது) செய்து முடிப்பேன். பெரும்பாலும் வாய் குறுகிய குடுவைகள். மேற்பரப்பு முழுக்கச் சக்கரத்தால் சின்னச் சின்னதாகக் கொத்தி எடுக்கிற, இத்தாலியின் முரானோத் தீவுக் கண்ணாடிக்காரர்கள் பத்தூத்தோ என்று சொல்லும் வேலைதான் என் கைக்குப் பிடித்தது.

கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. அமெரிக்காவின் பில்சக் மாதிரி ஒரு கண்ணாடிப் பள்ளியில் ஒரு அமர்வுக்குப் போனால் மொத்தமும் கரைந்துவிடும். அதே பணத்தில் நடுத்தர அளவில் ஒரு கில்ன் (அச்சில் கண்ணாடி உருக்கும் சூளை) வாங்கிவிடலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும்.

கண்ணாடிக்காரர்கள் எல்லாரும் ஒரே குடும்பம், எதையும் ஒளிக்கமாட்டார்கள் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். வெளியே நின்று பார்க்கிற எனக்கு அதே பத்துப் பெயர்கள் அதே படங்களில் திரும்பத் திரும்ப வருவதுதான் தெரிகிறது. உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள், நிஜமாகவே திறந்த வட்டம்தானா? நான் எந்தப் பக்கமாக நுழைய வேண்டும்?

உலைக்கூடம்:
பெஞ்ச் பக்கத்துக் கதவு, அதாவது ஊதுகிற கூடத்துப் பக்கம், திறந்துதான் இருக்கிறது. கேலரி பக்கத்துக் கதவைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

பெஞ்ச் பக்கம் ஏன் திறந்திருக்கிறது என்றால், மூடி வைத்தால் வேலை நடக்காது, அவ்வளவுதான். கையளவு டம்ளரைத் தனியாக ஊதிவிடலாம். கொஞ்சம் பெரிதாகப் போனால் குளோரி ஹோல் (பாத்திரத்தை மீண்டும் சூடாக்கும் அடுப்பு) கதவுக்கு ஓர் ஆள், குழலில் ஊத ஓர் ஆள், பன்ட்டி (பாத்திரத்தின் அடியில் ஒட்டிப் பிடிக்கும் தண்டு) கொண்டுவர ஓர் ஆள், முடிந்ததைக் கையுறையில் ஏந்தி அனீலருக்குக் கொண்டுபோக ஓர் ஆள் வேண்டும். எந்த நாட்டு ஹாட் ஷாப்புக்கு (ஊதுகூடம்) போனாலும் இந்த வேலைகளுக்கு நம்பகமான கை கிடைக்காமல் திண்டாடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1962 மார்ச்சில் அமெரிக்காவின் டொலிடோ கலை அருங்காட்சியக வளாகத்தில் ஒரு கொட்டகையில் ஹார்வி லிட்டில்டன் பட்டறை நடத்தினாரே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மட்பாண்டக் கலைஞர். முதலில் உருக்கிய கலவை சரிப்படவில்லை. கண்ணாடி இழை ஆலையில் ஆராய்ச்சியில் இருந்த டொமினிக் லபினோ, இழை இழுக்கப் பயன்படும் 475 ஆம் எண் கண்ணாடிக் கோலிகளை உருக்கச் சொன்னார். அது நன்றாக உருகியது. சரி, உருகிவிட்டது, ஊதத் தெரிந்தவர் யார்? லிப்பி கண்ணாடி ஆலையில் ஊதி ஓய்வு பெற்ற ஹார்வி லீஃப்கிரீன் வந்து குழலைப் பிடித்துக் காட்டினார். ஸ்டூடியோ கண்ணாடி இயக்கம் (ஆலைக்கு வெளியே கலைஞர்களே கண்ணாடி செய்வது) என்று இன்று பெரிதாகப் பேசுகிற விஷயத்தில், எப்படி ஊதுவது என்று சொல்லிக்கொடுத்தது ஓர் ஆலைத் தொழிலாளி.

முரானோவில் நிலைமை நேர்எதிர். 1291 இல் வெனிஸ் குடியரசு உலைகளை அந்தத் தீவுக்கு மாற்றியது. தீ விபத்துப் பயம் ஒரு காரணம். வித்தையும் தீவை விட்டு வெளியேறாமல் இருந்தது அவர்களுக்கு வசதி. முரானோ ஊதுநர் லீனோ தாலியாபியெத்ரா 1979 இல் பில்சக்கில் வந்து கற்றுக்கொடுத்தபோது ஊரில் பலருக்கு ஆத்திரம். அவர் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ ரெட்டிச்செல்லோவை (கண்ணாடிக்குள் வலைபோல இழை ஓடும் வேலை) இன்று இவ்வளவு பேர் இழுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே என் பதில்: உதவிக்கையாகப் போங்கள். "கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன்" என்று கடிதம் எழுதாதீர்கள், அந்த மாதிரி கடிதம் வாரம் முழுக்க வரும். "பன்ட்டி கொண்டுவருவேன், பாத்திரத்தின் வாயை விரிக்க உதவுவேன், இந்தத் தேதிகளில் வர முடியும்" என்று எழுதுங்கள்.

பன்ட்டி என்றதும் சாதாரணமாக நினைக்கவேண்டாம். ஓர் அந்நிய ஷாப்பில் உங்களை எடைபோடுவது அதை வைத்துத்தான். தண்டின் நுனியில் கொஞ்சம் கண்ணாடி எடுத்து, மார்வரில் (உலோகப் பலகை) உருட்டிக் கூராக்கி, நுனி மட்டும் லேசாக ஆறும்வரை காத்திருந்து கொண்டுவரவேண்டும். ரொம்பச் சூடாகக் கொண்டுபோனால் ஒட்டிக்கொண்டு, கடைசியில் தட்டும்போது அடியிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துவிடும். ஆறிப்போய் வந்தால் குளோரி ஹோலுக்குள் பாத்திரம் தண்டை விட்டுக் கழன்று விழும். காஃபர் (குழுவின் தலைமை ஊதுநர்) ஜாக்ஸ் இடுக்கியால் நுனியைப் பிடித்து நடுவில் உட்காரவைத்த பிறகு நீங்கள் அசையக்கூடாது. கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், குழலில் ஒரு தட்டு. பாத்திரம் உங்கள் கைக்கு மாறிவிடும். இது மூன்று தடவை சுத்தமாக நடந்தால் மறுநாள் வரச் சொல்வார்கள். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

அச்சுவார்ப்பு:
உலைக்கூடம் அண்ணன் சொன்னது ஊதுகிறவர்கள் உலகம். கண்ணாடி என்றாலே குழல்தான் என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், மன்னிக்கவும்.

செக் நாட்டு வார்ப்புக் கலைஞர்கள் ஸ்தானிஸ்லாவ் லிபென்ஸ்கியும் யரோஸ்லாவா பிரிக்தோவாவும் எந்தக் குழலையும் பிடிக்கவில்லை. லிபென்ஸ்கி வரைவார், பிரிக்தோவா களிமண்ணில் உருவத்தை எடுப்பார், பிறகு அச்சில் கண்ணாடி உருகி இறங்கும். செக்கோஸ்லோவாக்கியாவின் இரும்புத்திரைக்குப் பின்னால் இருந்துகொண்டே 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் வார்ப்புகளை வைத்தார்கள், 1967 மான்ட்ரியல் கண்காட்சியில் பெரும் வார்ப்புகளையே நிறுத்தினார்கள். குட்டிக் குட்டியாகக் குடுவை ஊதிக்கொண்டிருந்த அமெரிக்கர்கள் மான்ட்ரியலில் அதைப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனார்கள். பின்னாளில் அவர்களையே பில்சக்குக்கு அழைத்தார்கள். சர்வதேச வட்டம் எப்போதும் விமானம் ஏறிப் போய்த்தான் கிடைக்கவேண்டும் என்றில்லை. வேலையும் போகும்.

கில்ன் வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. ஒரு முறை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். உதவிக்கு யாரும் தேவையில்லை, இரவில் கன்ட்ரோலரைப் போட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரு பள்ளி அமர்வு சில வாரங்களில் முடிந்துவிடும்.

ஆனால் பொறுமை இல்லாதவர் இந்தப் பக்கம் வரவேண்டாம். தடிமன் இரண்டு மடங்கானால் ஆறவைக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். பாலோமர் தொலைநோக்கிக்காக 1934 டிசம்பரில் கார்னிங்கில் வார்த்த 200 அங்குல ஆடி சுமார் பத்து மாதம் ஆறியது. அது விரிவு குறைந்த பைரெக்ஸ் வகை, அப்படியும்! சாதாரண சோடா-சுண்ணக் கண்ணாடியில் உள்ளங்கைத் தடிமன் வார்த்துவிட்டு மறுநாள் காலையில் மூடியைத் திறந்து பார்க்கிற கை உங்களுக்கு இருந்தால் ஊதுவதே நல்லது.

இன்னொன்று, புதிதாக வருபவர்கள் எல்லாரும் கேட்பது: 90, 96 என்ற விரிவெண் (சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்று சொல்லும் எண்) ஒன்றாக இருந்தால் கலந்து உருக்கலாமா? எண்ணை மட்டும் நம்பாதீர்கள். விரிவெண் ஒத்துப்போனாலும் ஆறும்போது பாகுத்தன்மை மாறுகிற விதம் வேறாக இருந்தால் உள்ளே இழுவிசை தங்கிவிடும். தெளிந்த கண்ணாடிப் பட்டையின் மேல் சந்தேகப்படுகிற நிறத்தில் சின்னத் துண்டு வைத்து உருக்கி ஆறவையுங்கள். இரண்டு போலரைசிங் தாள்களைக் குறுக்கே வைத்து நடுவில் அதைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். துண்டைச் சுற்றி வெள்ளையாக ஒளி கசிந்தால் அந்த ஜோடி ஆகாது. கசியாமல் கருப்பாகவே இருந்தால் சரி. ஜெர்மன் கண்ணாடிக் கலைஞர் கிளாஸ் மொய்யே 1979 இல் பில்சக்கில் கற்பித்தபோது புல்ஸ்ஐ கண்ணாடி ஆலை ஆட்களைச் சந்தித்தார். ஒன்றோடொன்று பொருந்துகிற நிறக் கண்ணாடிகளை அவர்கள் உருவாக்கியது அந்தத் தொடர்பிலிருந்துதான். அதற்கு முன்பு உருக்குபவர்கள் பாடு திண்டாட்டம். 1982 இல் அவர் கான்பெராவில் கண்ணாடிப் பட்டறையைத் தொடங்கினார். இன்று ஆஸ்திரேலியக் கண்ணாடிக்கு உலகத்தில் இருக்கிற மரியாதையில் பெரும்பங்கு அந்த வகுப்பறையிலிருந்து வந்தது.

பளிங்குத்துளி:
இருவருக்கும் நன்றி. அச்சுவார்ப்பு, கில்ன் வாங்கினால் நான் அறைக்குள்ளேயே அடைந்துவிடுவேனோ என்றுதான் பயம். ஆள் பார்க்காமல் வேலை மட்டும் எப்படி வெளியே போகும்?

பெட்டிச்சட்டம்:
"வேலையும் போகும்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார் அச்சுவார்ப்பு. அது எப்படிப் போகும் என்பதுதான் என் பிழைப்பு. கலைப்பொருள் பொதி கட்டி அனுப்பும் வேலையில் இருக்கிறேன். கண்ணாடிக்காரர்கள் வந்தால் எங்கள் கூடத்தில் எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள்.

முதலில் சுங்கக் குறியீடு. அசல் சிற்பம் என்றால் 9703. அலங்காரக் கண்ணாடிப் பாத்திரம் என்றால் 7013. விளக்குச்சுடரில் செய்த சிறு உருவம், அலங்காரப் பொருள் வகை என்றால் 7018. பல நாடுகளில் 9703க்கு வரி இல்லை அல்லது மிகக் குறைவு. நீங்கள் செய்வது குடுவை. வாய் இருக்கிறது, உள்ளே வெற்றிடம் இருக்கிறது. சுங்க அதிகாரி அதைப் பூச்சாடி என்றுதான் பார்ப்பார். ஒற்றைப் பிரதி, கலைஞரின் கையொப்பம், கண்காட்சி அழைப்பு, கலைஞர் குறிப்பு இதையெல்லாம் சேர்த்து வைத்தால்தான் வாதாடலாம். இன்வாய்ஸில் "கண்ணாடி வாஸ்" என்று நீங்களே எழுதிக்கொடுத்துவிட்டு எங்களிடம் வந்து அழுதால் என்ன செய்வது?

காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால் ஏ.டி.ஏ. கார்னே (தற்காலிகச் சுங்க அனுமதி ஆவணம்) எடுக்கலாம். ஓராண்டுவரை செல்லும், வரி கட்டாமல் உள்ளே போய் வெளியே வரலாம். அங்கே விற்றுவிட்டால் அந்த உருப்படிக்கு முறையாக இறக்குமதி வரி கட்டவேண்டும். விற்றதைக் கார்னேயில் சொல்லாமல் விட்டால் பிணைத்தொகையில் கை வைப்பார்கள். மரப்பெட்டி என்றால் வெப்பமூட்டிய பலகைக்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கவேண்டும். முத்திரை இல்லாத பழைய பலகையில் அழகாகப் பெட்டி செய்து அனுப்பி, துறைமுகத்தில் பெட்டியைத் திருப்பி அனுப்பிய கதைகள் நிறைய உண்டு.

பொதி: பத்தூத்தோ மாதிரி மங்கலான பரப்பின் மேல் நேரடியாகக் குமிழ்த்தாள் சுற்றாதீர்கள். வெப்பத்தில் வட்டம் வட்டமாகத் தடம் விழும். முதலில் அமிலமில்லாத டிஷ்யூ, அப்புறம் மென்நுரை, அதற்கு வெளியே குமிழ்த்தாள். உள்பெட்டி, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் நுரை, பிறகு வெளிப்பெட்டி. வாய் குறுகிய குடுவைக்குள் எதையும் திணிக்கவேண்டாம். எடை எங்கே உட்காருகிறது என்று பெட்டி மூடியிலேயே ஒரு படம் ஒட்டுங்கள். அந்தப் பக்கம் பிரிக்கிறவருக்கு உங்கள் மொழி தெரியாது.

காப்பீட்டில் "பொருளின் இயல்பான குறை" என்று ஒரு விலக்கு இருக்கும். சரியாக ஆறாத கண்ணாடி வழியில் தானாகவே வெடித்தால் அதைக் காட்டி கையை விரித்துவிடுவார்கள். அச்சுவார்ப்பு சொன்ன போலரைசிங் தாள் இதற்கும் உதவும். அனுப்பும் முன் அதன் வழியாக ஒரு படம் எடுத்து, தேதியோடு நிலையறிக்கையில் சேர்த்துவையுங்கள். சாய்ந்த வெளிச்சத்திலும் ஒரு படம், இருக்கிற கீறல் எல்லாம் தெரியும்படி.

சுடர்முனை:
மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, யாருமே சொல்லவில்லை. மேசை மேல் ஒரு டார்ச், ஆக்சிஜன், புரொபேன், போரோசிலிகேட் தண்டுகள், சின்ன அனீலர். உலை வாடகை மிச்சம்.

எங்களைப் பொம்மை செய்கிறவர்கள் என்று ஹாட் ஷாப் ஆட்கள் ரொம்ப நாள் கேலி செய்தார்கள். லியோபோல்டு, ருடால்ப் பிளாஷ்கா என்ற அப்பாவும் மகனும் 1887 முதல் ஹார்வர்டுக்காகச் செய்த கண்ணாடித் தாவரங்களைப் பார்த்துவிட்டு யாராவது பொம்மை என்று சொல்லட்டும். அப்பா இறந்த பிறகும் மகன் 1936 வரை தனியாகச் செய்தார். மகரந்தத்தைக்கூட விடவில்லை.

பளிங்குத்துளி, நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் ஒரே எச்சரிக்கை. டைடிமியம் மூக்குக்கண்ணாடி போட்டால் போதும் என்று சொல்வார்கள். அது சோடியத்தின் மஞ்சள் ஒளியை மட்டும் மறைக்கும். போரோசிலிகேட் வேலைக்கு அகச்சிவப்பையும் மறைக்கிற கருநிழல் கண்ணாடி வேண்டும். கண்ணை வைத்துத்தான் பிழைப்பு.

கேள்விக்குறி:
இவ்வளவு இனிப்பாகப் பேசுகிறீர்களே, கசப்பை நான் சொல்கிறேன்.

உதவிக்கையாகப் போ என்கிறார் உலைக்கூடம். போனவர்கள் பெயர் எங்கே? கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா 1932 முதல் 1947 வரை முரானோவின் வெனினி ஆலைக்கு வடிவமைத்தார். அந்தத் துண்டுகள் இன்று ஏலத்தில் என்ன விலைக்குப் போகின்றன என்று எல்லாருக்கும் தெரியும். உலை முன் வியர்வை சிந்திய மயெஸ்த்ரோக்களின் (தலைமை ஊதுநர்கள்) பெயரைச் சொல்லுங்கள் பார்க்கலாம். அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டேல் சிகூலி 1976 இல் விபத்தில் ஒரு கண் பார்வையை இழந்தார், 1979 இல் தோளிலும் அடி. அதற்குப் பிறகு குழலை மற்றவர்கள் பிடிக்க, அவர் வரைந்து இயக்கினார். அதை அவர் ஒளித்ததே இல்லை, அதில் எனக்குப் புகாரும் இல்லை. ஆனால் சுவரில் இருக்கிற பெயர்ப்பலகையில் ஒரு பெயர்தான்.

முரானோ உலைகளில் பெண்களுக்கு நூற்றாண்டுகளாகக் கிட்டத்தட்ட இடமே இல்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து பாசிமணி கோர்ப்பது மாதிரி வேலைதான் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது. அந்த வாசனை பல ஹாட் ஷாப்புகளில் இன்னும் போகவில்லை. கனமான துண்டைப் பெண் தூக்க வந்தால் தள்ளி நிற்கச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன்.

பாஸ்போர்ட் விஷயம் வேறு. சில நாட்டுக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். மற்றவர்கள் மாதக்கணக்கில் விசா வரிசையில் நிற்கவேண்டும், அதற்குள் ரெசிடென்சி (அங்கே தங்கி வேலை செய்யும் அழைப்பு) தேதி தாண்டிவிடும். ஒரே குடும்பமாம்!

உலைக்கூடம்:
கேள்விக்குறி சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து ஒதுங்கி நிற்பதா? வேலை ஆரம்பிக்கும் முன்னாலேயே பேசிவிடவேண்டும். மணிக்கூலியா, துண்டுக்கூலியா, பட்டியலில் "செய்தவர்" என்று பெயர் வருமா, நீங்கள் பிடித்த படங்களை உங்கள் போர்ட்ஃபோலியோவில் போடலாமா? ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இப்போது பல ஷாப்புகளில் இது சகஜம். கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் வேலை செய்யாதீர்கள்.

லிபென்ஸ்கி, பிரிக்தோவா இருவர் பெயரும் சேர்ந்துதான் வருகிறது என்பதையும் மறக்கவேண்டாம். அது முடியாத காரியமே இல்லை.

விசாவைப் பற்றி இன்னொன்று சேர்க்கிறேன். சுற்றுலா விசாவில் போய்க் கூலி வாங்கிக்கொண்டு டெமோ செய்தால் பல நாடுகளில் அது சட்டவிரோத வேலை. "சின்ன மரியாதைத் தொகைதானே" என்று அழைப்பவர் சொல்வார். எல்லையில் மாட்டுவது நீங்கள். எந்த வகை விசா என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அச்சுவார்ப்பு:
அப்படியானால் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் பளிங்குத்துளி: நீங்கள் வித்தைக்காரராக அறியப்பட வேண்டுமா, கலைஞராகவா? பிரான்ஸின் மார்சேயில் உள்ள சிர்வா கண்ணாடி மையத்தில் கண்ணாடியே தெரியாத ஓவியர்களையும் சிற்பிகளையும் அழைத்து, அங்குள்ள நுட்பர்களோடு வேலை செய்யவைக்கிறார்கள். எஜிடியோ கொஸ்தாந்தினி வெனிஸில் பிக்காசோவின், ஷகாலின் வரைபடங்களைக் கண்ணாடியாக்கினார். கலை உலகம் கண்ணாடியைத் தேடி வரும்போது அதற்கு வேண்டியது பெரும்பாலும் கைதான், உங்கள் யோசனை இல்லை. அந்தக் கையாக இருப்பதில் இழிவு எதுவும் இல்லை, நல்ல கூலியும் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கலந்து எழுதினால் இரு பக்கமும் கிடைக்காது.

நடுவர்மேசை:
தேர்வுக் குழுவில் உட்கார்ந்த அனுபவத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு விண்ணப்பத்துக்கு முதல் சுற்றில் சில நொடிகள்தான் கிடைக்கும். வண்ணத் துணி, செடி, ஜன்னல் பின்னணி எல்லாம் வேண்டாம். சாம்பல் நிறத் தாள், கீழிருந்து மேலே கருமை கூடுவதுபோல வெளிச்சம். ஒரு முழுப் படம், ஒரு நெருக்கப் படம். பத்தூத்தோ என்றால் நெருக்கப் படத்தில் ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் தெரியவேண்டும், பக்கவாட்டு வெளிச்சம் கொடுங்கள். அளவைக் கட்டாயம் எழுதுங்கள். திரையில் எல்லாக் கண்ணாடியும் ஒரே உயரம்தான்.

கலைஞர் குறிப்பில் "ஒளி", "உடையும் தன்மை", "தருணம்" என்ற மூன்றும் வந்தால் நான் அடுத்ததுக்குப் போய்விடுவேன், என்னைப் பொறுத்தவரை. எல்லாரும் எழுதுவது அது. என்ன செய்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நாலு வரி போதும்.

எங்கே அனுப்புவது என்பதற்கு: அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம் தொகுக்கும் நியூ கிளாஸ் ரிவ்யூ, ஜப்பானில் தொயாமா, கனசாவா கண்காட்சிகள், ஜெர்மனியில் கோபுர்க் பரிசு. டுசல்டார்ஃபின் யூட்டா குனி-ஃப்ரான்ஸ் பரிசு 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. எதற்கு அனுப்பினாலும் மூன்று விஷயம் பாருங்கள்: நுழைவுக் கட்டணம், தேர்வானால் போகிற சரக்குக் கட்டணம் யாருடையது, திரும்பி வருகிற கட்டணம் யாருடையது. மூன்றாவதைப் பலர் படிப்பதில்லை.

சுடர்முனை:
எரிவாயு விலையையும் கணக்கில் வையுங்கள். உலையை ராத்திரி அணைத்துக் காலையில் பற்றவைக்க முடியாது, உள்ளே கண்ணாடி உருகுகிற கலம் விரிசல் விட்டுவிடும். 2021 கடைசியில் ஆரம்பித்து 2022 வரை ஐரோப்பாவில் விலை ஏறியபோது முரானோவிலேயே பலர் உலையை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அதனால் உதவிக்கை வேலைக்கு எழுதும் முன் அந்த ஷாப் ஆண்டில் எத்தனை மாதம் எரிகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாணைக்கல்:
முழு இழையையும் இப்போதுதான் படித்தேன். எல்லாரும் உலையைப் பற்றியும் கில்ன்னைப் பற்றியும் சண்டை போடுகிறீர்கள். தம்பியோ தங்கையோ தெரியவில்லை, பளிங்குத்துளி முதல் பத்தியிலேயே பதிலைச் சொல்லிவிட்டார், ஒருத்தரும் கவனிக்கவில்லை.

குளிர்வேலை தெரிந்த கை எந்த நாட்டிலும் பஞ்சம். பன்ட்டி கொண்டுவர இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள், ஏனென்றால் நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பது கவர்ச்சி. ஈர ஏப்ரன் கட்டிக்கொண்டு காதில் அடைப்போடு நாள் முழுக்கச் சக்கரத்தின் முன் நிற்க யாரும் வரமாட்டார்கள். ஆனால் ஊதியதும் வார்த்ததும் பெரும்பாலும் அங்கேதான் முடிகிறது. பன்ட்டித் தடத்தை அரைக்காமல் எந்தக் குடுவையும் பீடத்தில் உட்காராது. வார்ப்புக்காரர்கள் அச்சிலிருந்து எடுத்த துண்டில் பாதி வேலையே அரைப்பதுதான், அச்சுவார்ப்பு இல்லை என்று சொல்லட்டும்.

என் யோசனை: பள்ளி அமர்வுக்கும் பணம் கட்டவேண்டாம், கில்ன்னும் வேண்டாம், இப்போதைக்கு. கோல்டு ஷாப் (குளிர்வேலைக் கூடம்) உதவியாளராக எழுதுங்கள். கோடைக்காலப் பள்ளிகளில் கற்பிப்பவருக்கு உதவியாளர்களும் கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆட்களும் வேண்டும். மாணவராகப் போனால் கட்டணம் கட்டுவீர்கள், இப்படிப் போனால் பெரும்பாலும் இடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள். மாலையில் சக்கரம் காலியாக இருக்கும், உங்கள் வேலையை அங்கேயே முடிக்கலாம். ஊதுகிறவர், வார்க்கிறவர், சுடர்வேலைக்காரர் எல்லாரும் எப்படியும் அந்த அறைக்கு வந்துதான் ஆகவேண்டும். ஹாட் ஷாப்பில் நின்றால் ஒரு குழுவைத்தான் தெரியும்.

அச்சுவார்ப்பு:
பாதி இல்லை, முக்கால்வாசி. சாணைக்கல் அக்கா சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. கில்ன் எங்கேயும் ஓடிவிடாது, பிறகு வாங்கலாம்.

கேள்விக்குறி:
அந்த அறையில் செய்கிறவர் பெயர் இன்னும் மோசமாகக் காணாமல் போகுமே?

சாணைக்கல்:
போகும், உலைக்கூடம் சொன்ன தாளைக் கையெழுத்தாக்காமல் விட்டால். நான் தொட்ட துண்டுக்கெல்லாம் "மேற்பரப்பு வேலை" என்று தனி வரி கேட்கிறேன். கொடுக்காத கலைஞர் உண்டு. அவர்களுக்கு நான் அடிப்பக்கம் மட்டும் சமன் செய்து கொடுப்பேன், அதற்கு மேல் கை வைப்பதில்லை.

பளிங்குத்துளி:
இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. குளிர்வேலையை உலை வாடகை கட்ட முடியாத நேரத்தில் செய்கிற வேலையாகத்தான் வைத்திருந்தேன். இரண்டு இடங்களுக்குக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன், படங்களை நடுவர்மேசை சொன்னபடி திரும்ப எடுக்கப்போகிறேன். விசா வகையையும் முதல் கடிதத்திலேயே கேட்டுவிட்டேன்.

சாணைக்கல் அக்கா, ஒரு கேள்வி. அங்கே போனதும் சோதிப்பார்கள் அல்லவா? எதைச் செய்யச் சொல்வார்கள்?

சாணைக்கல்:
பெரும்பாலும் ஒரு பரப்பைச் சமன் செய்து கடைசிவரை மெருகேற்றச் சொல்வார்கள். லேப்பில் (சுழலும் அரைத்தட்டு) சிலிக்கன் கார்பைடு பொடி 100இல் ஆரம்பித்து 220, 400, 600 (எண் கூடக்கூடப் பொடி நைஸாகும்), பிறகு கார்க்கில் பியூமிஸ், ஃபெல்ட்டில் சீரியம் ஆக்சைடு. எல்லாருக்கும் தெரிந்த வரிசைதான். அவர்கள் பார்ப்பது 220ஐ எப்படி முடிக்கிறீர்கள் என்பதை. அங்கே மிச்சம் வைத்த 100 கீறல் 400இல் போகாது, மெருகேற்றும்போதுதான் பல்லைக் காட்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன் பரப்பைத் துடைத்து உலர்த்தி, பெயின்ட் மார்க்கரால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். எல்லாக் கோடும் ஒரே சமயத்தில் அழிந்தால் சமன். ஒரு மூலையில் நின்றால் அங்கே பள்ளம்.

கட்டம் மாறும்போது துண்டு, கை, ஏப்ரன், லேப் ஓரம் எல்லாவற்றையும் கழுவுங்கள். ஒரு பெரிய மணல் துகள் ஒட்டிக்கொண்டு வந்தாலும் போச்சு. நீங்கள் கழுவுகிறீர்களா என்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எப்போதும் ஈரமாகவே அரைக்கவேண்டும், சிந்திய கலவை தரையில் காய விடக்கூடாது. காய்ந்த தூசி நுரையீரலுக்குப் போகும். துடைப்பத்தால் பெருக்கிவிடாதீர்கள், ஈரத்துணியால் அள்ளுங்கள்.

சொந்தப் பத்தூத்தோ சக்கரங்களை மறக்காமல் எடுத்துப் போங்கள். கூடத்துச் சக்கரம் மற்றவர் கைக்குத் தேய்ந்திருக்கும்.